நான்கு மாப்பிள்ளைகளும் ஒரு டீசல் துணியும்

அக்டோபர் 13, புதன்

பாதுகாப்பு வாரம் என்று இன்றைக்கு ஆளுக்கொரு நோட்டும் பேனாவும் கொடுத்தார்கள். வேலை செய்யும் இடத்தில் எது கோணலாகக் கண்ணில் படுகிறதோ அதை எழுதி, தாளைக் கிழித்து, கேட் பக்கத்தில் இருக்கிற மஞ்சள் பெட்டியில் போட வேண்டுமாம். பேர் போட வேண்டியதில்லை. என்னோடு கூட்டுகிற கஸ்தூரி அந்த நோட்டை பஸ்ஸிலேயே பேத்திக்கு என்று பைக்குள் தள்ளிவிட்டாள். கோணல் என்று நான் எழுத ஆரம்பித்தால் முதல் தாளில் எங்கள் மேஸ்திரி பழனிவேல்தான் வருவார். அதனால் தாளைக் கிழிக்காமல் எனக்கு நானே எழுதிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். ஐந்தாவது வரை போனவள். தமிழ் தட்டுத் தடுமாறி வரும். இங்கிலீஷ் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும்.

என் பேர் தேசம்மாள். நாற்பத்தொன்பது வயது. கடற்கரை அணுமின் நிலையத்தில் டீசல் ஜெனரேட்டர் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிற கான்ட்ராக்ட் வேலை, பதினோரு வருஷமாக. ஜெனரேட்டர் நாலு. ஒவ்வொன்றும் ஒரு பஸ் நீளம். ஒவ்வொன்றுக்கும் தனி அறை, தனி டீசல் தொட்டி. உடம்பு ஆறக்கூடாது என்று எப்போதும் சூடாகவே வைத்திருப்பார்கள். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் எழுப்பி, ஒரு மணி நேரம் ஓடவிட்டு, திரும்பத் தூங்கவைப்பார்கள். வருஷம் முழுக்கச் சாப்பாடும் உபசாரமும்; வேலை என்று ஒன்றும் கிடையாது. அதனால் நான் வைத்த பேர் மாப்பிள்ளைகள். பெரிய மாப்பிள்ளை, இரண்டாமவர், மூன்றாமவர், கடைக்குட்டி. இப்போது இன்ஜினியர்கள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள்.

அக்டோபர் 14, வியாழன்

ஆயுத பூஜை. இடுப்பு விட்டுப்போயிற்று. காலையில் நாலு அறையும் கழுவி, கோலம் போட்டு, வாழைக்கன்று கட்டினோம். மாப்பிள்ளைகளுக்கு மாலை. துடைப்பம், பக்கெட், மாப்பு எல்லாவற்றுக்கும் பொட்டு. சந்தனமும் குங்குமமும் நிறையக் குழைத்துவிட்டேன், மீந்துவிட்டது. கதவுகளையும் விடுவானேன் என்று நாலு வெள்ளக் கதவுக்கும் சுற்றிலும் வரிசையாக வைத்தேன்.

வெள்ளக் கதவு என்பது இரும்புக் கதவு. நடுவில் பஸ் ஸ்டியரிங் மாதிரி ஒரு சக்கரம். சுற்றினால் கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். சட்டத்தைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் பட்டை ஓடுகிறது. அதுதான் தண்ணீரை நிறுத்துவது. போன ஆகஸ்டில் நாலுக்கும் புது ரப்பர் போட்டவர் லூர்துசாமி அண்ணன். ஃபிட்டர். பணி ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதம். ஞாயிறானால் கோயிலில் முன் வரிசையில் இருப்பார், ஆனால் எங்கள் பொரிகடலைக்கும் முதல் ஆளாக வந்து நிற்பார். இன்றைக்கும் சட்டைப்பை நிறைய அள்ளினார். “மாதா பாத்துக்கினு இருக்காங்கண்ணா” என்றேன். “மாதாவுக்கும் சேத்துத்தான் எடுக்கறேன்” என்றார்.

மத்தியானம் பழனிவேல் மேஸ்திரி வந்து குண்டு போட்டார். செவ்வாய்க்கிழமை மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள், ஒரு கறை இருக்கக்கூடாதாம். இரும்பில் இருந்த குங்குமம் ஈரத் துணிக்குப் போய்விட்டது. ரப்பரில் இருந்தது போகவில்லை. சோப்பு போட்டும் சிவப்பாக ஈஷிக்கொண்டது. டீசல் கட்டடத்தில் எதுவும் போகாவிட்டால் டீசல் துணிதான். மூன்றாமவர் கதவில் மட்டும் துணியை டீசலில் நனைத்து ரப்பர் இடுக்கில் சுற்றிலும் அடைத்தேன். ஊறட்டும் என்று விட்டேன். அதற்குள் பஸ் ஹாரன்.

அக்டோபர் 18, திங்கள்

மூன்று நாள் லீவு. அந்தத் துணி மறந்தே போயிருந்தது. எடுத்துப் பார்த்தால் கறையே இல்லை. ரப்பர் அன்றைக்குத்தான் கடையில் வாங்கிய மாதிரி பளபளவென்று இருந்தது. மேஸ்திரியே நின்று பார்த்துவிட்டுப் போனார். பதினோரு வருஷத்தில் அவர் நின்று பார்த்தது இரண்டாவது முறை; முதல் முறை நான் வழுக்கி விழுந்தபோது.

மற்ற மூன்று கதவுக்கும் அதே வைத்தியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். நாளைக் காலையில் துணியை எடுத்தால் போதும்.

அக்டோபர் 19, செவ்வாய்

வந்தார்கள். ஒருவர் வெள்ளைக் கைக்குட்டையால் சுவரைத் தொட்டுப் பார்த்தார். எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு பார்க்கவில்லை. நல்ல பேர்.

அக்டோபர் 25, திங்கள்

இன்றைக்கு வகுப்பு. நஸீமா மேடம் எடுத்தார்கள். டீசல் கட்டடத்துக்கு அவர்கள்தான் இன்ஜினியர். சின்ன வயது, குரல் உயராது, நாம் பேசினால் முடிக்கும் வரை காத்திருப்பார்கள். அதுவே எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சூடாகத்தானே இருக்கிறது, அது மாதிரிதான் உள்ளே இருக்கிற உலையும் என்றார்கள். நிறுத்தினாலும் சூடு உடனே போகாது, நாள் கணக்கில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் ஓட பம்பு வேண்டும், பம்புக்குக் கரண்டு வேண்டும். புயலடித்து வெளிக் கரண்டு போனால் மாப்பிள்ளைகள்தான் கொடுக்க வேண்டும். கடல் தாண்டி ஒரு நாட்டில் இந்த மாதிரி டீசல் இயந்திரங்களுக்குள் கடல் தண்ணீர் புகுந்து அவை நின்றுபோயின. அப்புறம் சுற்றியிருந்த ஊர்களே காலியாயின என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள்.

ஒன்று போதாதா, எதற்கு நாலு என்று கஸ்தூரி கேட்டாள். ஒன்று கெட்டாலும் மூன்று இருக்கும் என்றார்கள். ஒன்றுக்கு வந்தது இன்னொன்றுக்கு வரக்கூடாது. அதற்குத்தான் தனிச் சுவர், தனித் தொட்டி, தனிக் கதவு. ஒருத்தருக்கு ஜுரம் வந்தால் நாலு பேரும் படுக்கக்கூடாது.

எனக்கு வாய் சும்மா இருக்குமா. “நாலு பேருக்கும் மாமியாரு ஒருத்திதானே மேடம்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார்கள்.

அக்டோபர் 29, வெள்ளி

முட்டி வலி. நாலு கதவு ரப்பரையும் டீசல் துணியால் ஒரு தரம் துடைத்தேன். வெள்ளிக்கிழமைக்கு ஒரு தரம் என்று வைத்துக்கொண்டால் பளபளப்பு நிற்கிறது. ஒவ்வொரு கதவிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு, இங்கிலீஷில் ஏதோ வெட்டியிருக்கிறது. அதையும் புளி போட்டுத் தேய்த்தேன். தங்கம் மாதிரி வந்தது.

வீட்டில் மாவு அரைக்கவில்லை. அவருக்குக் கஞ்சி. எங்கள் வீட்டுக்காரர் எட்டியப்பன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வரைக்கும் கடலுக்குப் போனவர். வலது கை விழுந்த பிறகு வீட்டு வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை எண்ணுகிறார். வீடு ஓடுவது என் கழுத்தில் தொங்குகிற கேட் பாஸில்.

நவம்பர் 4, வியாழன்

தீபாவளி. தூங்கினேன்.

நவம்பர் 5, வெள்ளி

பஸ்ஸில் பாதிப் பேர் இல்லை. நாலு கதவும் துடைத்தேன்.

நவம்பர் 9, செவ்வாய்

நாலு நாளாக மழை. எல்லா அறையிலும் சேற்றுக் கால். துடைக்கத் துடைக்க வருகிறார்கள்.

மூன்றாமவர் கதவு சாத்த மாட்டேன் என்கிறது. நானும் கஸ்தூரியும் தோள் கொடுத்துத் தள்ளி, சக்கரத்தைச் சுற்றி, மூச்சு வாங்கி நின்றோம். தீபாவளிப் பலகாரம் தின்று மாப்பிள்ளைக்கு இடுப்பு பெருத்துவிட்டது என்றேன். கஸ்தூரிக்குச் சிரிக்கத் தெம்பில்லை. மழைக்கு இரும்பு இப்படித்தான் செய்யும் என்றாள். இரும்பா ரப்பரா என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 11, வியாழன்

இன்றைக்கு லூர்துசாமி அண்ணன் மூன்றாமவர் கதவைப் பார்க்க வந்தார். ரப்பர் ஒரு மூலையில் பள்ளத்தை விட்டு வெளியே பிதுங்கி நின்றது. விரலால் இழுத்தார், மெதுவடை மாதிரி பிய்ந்து வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். முகர்ந்து பார்த்தார். கட்டடம் முழுக்கவே டீசல் வாசனைதான், அதில் தனியாக என்ன தெரியும்.

நஸீமா மேடம் வந்தார்கள். எங்களை வரிசையாக நிற்கவைத்துக் கேட்டார்கள். “இந்த ரப்பருக்கு எண்ணெய், டீசல் எதுவுமே ஆகாதும்மா. பட்டா ஊதிப்போயிடும், அப்புறம் தண்ணியத் தாங்காது. யாராவது, தெரியாமக்கூட, எதாவது போட்டுத் தொடச்சீங்களா?”

என் முறை வந்தது. “தலைக்கு வெக்கவே எண்ணெய் இல்ல மேடம். கதவுக்கா வெக்கப்போறேன்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மேடம் அடுத்த ஆளிடம் போய்விட்டார்கள்.

ஸ்டோரில் ஒரே ஒரு கதவுக்கு மாற்று ரப்பர் இருந்தது. சாயங்காலத்துக்குள் அண்ணன் மூன்றாமவருக்கு அதைப் போட்டுவிட்டார். மற்ற மூன்று கதவையும் சாத்திப் பார்த்தார்கள். சாத்திற்று. சரி என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அதிசயம்.

நவம்பர் 12, வெள்ளி

இன்றைக்குத் துடைக்கவில்லை.

லூர்துசாமி அண்ணனிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ஆகஸ்டில் போட்ட ரப்பர் மூன்றே மாதத்தில் எப்படிக் கெட்டது, போடுவதற்கு முன்னால் எங்கே வைத்திருந்தீர்கள் என்று. சாப்பாட்டு நேரத்தில் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டப்பாவைத் திறக்கவில்லை. ஆகஸ்டில் அன்றைக்கும் மழை, ரப்பர் சுருளை ஒரு மணி நேரம் டீசல் டின்கள் இருக்கிற மூலையில் ஒதுக்கி வைத்தேனோ என்னவோ, வைத்த மாதிரியும் இருக்கிறது வைக்காத மாதிரியும் இருக்கிறது என்று சொன்னார். முப்பத்து நாலு வருஷ சர்வீஸ், ஒரு மெமோ வாங்கினதில்லை என்றார்.

நான் என் டப்பாவிலிருந்து கருவாட்டுத் துண்டு இரண்டு எடுத்து அவர் மூடியில் வைத்தேன். ஏதாவது கிண்டல் சொல்வேன் என்று கஸ்தூரி என் முகத்தைப் பார்த்தாள்.

நவம்பர் 14, ஞாயிறு

முட்டி வலியில் தூக்கமில்லை. வீட்டுக்காரர் தைலம் எடுத்துக் கொடுத்தார், இடது கையால். முட்டிக்குத் தேய்க்கச் சொன்னால் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாயே என்றார். எதையும் எண்ணாமல் இருக்க மாட்டார் இந்த மனுஷன்.

துணி துவைத்தேன். தார்ப்பாயைக் கூரையில் இழுத்துக் கட்டினேன்.

நவம்பர் 15, திங்கள்

புயல் என்று சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை மத்தியானம் நம் பக்கம்தான் கரை ஏறுமாம். நிலையம் முழுக்க ஓட்டம். மணல் மூட்டை, பம்பு, கயிறு. யார் குரலிலும் தெம்பில்லை, பத்து நாள் மழையில் எல்லாரும் நனைந்த கோழியாக இருக்கிறார்கள். மேஸ்திரி யாரையும் திட்டவில்லை. அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வெளியே போன பிறகு பெரிய மாப்பிள்ளை கதவுக்குப் போனேன். ரப்பரில் கட்டை விரலை அழுத்தினேன். எடுத்த பிறகும் விரல் பள்ளம் அப்படியே இருந்தது. இரண்டாமவர் கதவிலும் அழுத்தினேன். கடைக்குட்டியிடம் அழுத்தவே தேவை இருக்கவில்லை, கீழ் மூலை லேசாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாமவர் ஒருத்தருக்குத்தான் புது ரப்பர். அதைத் தட்டினால் கட்டையாக, கெட்டியாக இருந்தது. முன்னால் எல்லாமே அப்படித்தான் இருந்திருக்கும்.

ஒருத்தருக்கு ஜுரம் வந்தால் நாலு பேரும் படுக்கக்கூடாது என்றுதான் இவ்வளவு சுவர் கட்டியிருக்கிறார்கள். சுவருக்கு நடுவில் ஒரு துணியை எடுத்துக்கொண்டு வாரா வாரம் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தவள் நான் ஒருத்தி. மேடம் கேட்ட கேள்விக்கு மூன்றாமவரைப் பற்றி நான் சொல்லாமல் விட்டேன், சரி. மற்ற மூன்றைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பஸ் வந்துவிட்டது.

நவம்பர் 16, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் பஸ்ஸிலேயே இந்த நோட்டில் ஒரு தாள் எழுதினேன். “ஒன்று, இரண்டு, நாலு கதவு ரப்பர் டீசல் பட்டு ஊதிவிட்டது. தண்ணி தாங்காது. மாற்றவும்.” பேர் போடவில்லை. கிழித்து மடித்துக்கொண்டு மஞ்சள் பெட்டிக்குப் போனேன். போட்டுவிட்டேன். உள்ளே டொப்பென்று ஒரு சத்தமும் இல்லை, அவ்வளவு நிறைந்திருக்கிறது போல. பக்கத்தில் நின்ற காவலரிடம், இதை எப்போது சார் திறப்பார்கள் என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். மாதக் கடைசியில், சாவி வைத்திருக்கிறவர் லீவில் இருக்கிறார் என்றார்.

மாதக் கடைசி. புயல் வியாழக்கிழமை.

விரலை விட்டு எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. காவலர் என்ன செய்கிறாய் என்று வந்துவிட்டார்.

அப்புறம் ஒரு மணி நேரம் பெரிய மாப்பிள்ளை அறையைக் கூட்டினேன். கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினேன். பாஸைக் கழற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன், அங்கே இருந்தால் யாரும் பிடுங்க மாட்டார்கள் என்று நினைத்தேனோ என்னவோ. கடைசியில் துடைப்பத்தைச் சாத்திவிட்டு மேடம் அறைக்குப் போனேன். லூர்துசாமி அண்ணன் அங்கேதான் இருந்தார், விளக்கத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு. அவர் எழுதி முடித்திருந்தார். தவறு என்னுடையதாக இருக்கலாம் என்று கடைசி வரி. அவர் கையில் தலைகீழாகத் தெரிந்தது, ஆனாலும் தமிழ்தானே, படித்துவிட்டேன்.

“மேடம், அண்ணன் போடல. நாந்தான்” என்றேன்.

அவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. என் வாயா உலர்வது.

“பூஜைக்குப் பொட்டு வெச்சேன் மேடம். கறை போவல. டீசல் துணி அடச்சு வெச்சேன். பளபளன்னு இருந்துச்சு, அதான் வாரத்துக்கு ஒரு தபா தொடச்சேன். மூணு மட்டும் இல்ல மேடம். நாலும்.”

மேடம் பேனாவைக் கீழே வைத்தார்கள். “நாலுமா?”

“நாலும்.”

திட்டுவார்கள் என்று நின்றேன். திட்டவில்லை. எழுந்து நடந்தார்கள், நாங்கள் பின்னால். பெரிய மாப்பிள்ளை கதவைச் சாத்தி, வெளியிலிருந்து தீயணைப்புக் குழாயைப் பிடிக்கச் சொன்னார்கள். நான் உள்ளே நின்றேன். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் கீழ் ஓரத்தில் வியர்த்த மாதிரி ஒரு கோடு. அப்புறம் அந்தக் கோடு நடந்து வந்து என் காலைத் தொட்டது. இரண்டாமவரும் அப்படியே. கடைக்குட்டியிடம் குழாயைத் திறந்த உடனே பக்கெட் கவிழ்ந்த மாதிரி வந்தது.

மேடம் கதவில் இருந்த பித்தளைத் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“இத யாரு இப்படித் தேச்சது?”

“நாந்தான் மேடம். புளி போட்டு.”

“இதுல என்ன எழுதியிருக்கு தெரியுமா?”

தெரியாது என்றேன். அவர்கள் படித்தார்கள், முதலில் இங்கிலீஷில், அப்புறம் தமிழில். ரப்பரில் எண்ணெயோ டீசலோ படக்கூடாது. வெறும் தண்ணீரும் சோப்பும் மட்டும். பதினோரு வருஷமாக நான் துடைக்கிற தகடு. படித்துவிட்டு மேடம் என்னைப் பார்க்கவில்லை. திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு போனை எடுத்தார்கள். வேறு ஏதோ நிலையத்தில் இதே அளவு ரப்பர் இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

லூர்துசாமி அண்ணன் என்னோடு பேசவில்லை. தன் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்பானர் எடுக்கப் போனார்.

சாயங்காலம் கேட்டில் மேஸ்திரி பாஸைக் கேட்டார். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன். விசாரணை முடியும் வரை வர வேண்டாம் என்றார். அவர் குரலும் சோர்ந்துதான் இருந்தது. “ஏம்மா, அன்னிக்குச் சிரிச்சிக்கினே சொன்னியே” என்று மட்டும் கேட்டார். பஸ் ஏறினேன்.

வீட்டில் சொன்னேன். எட்டியப்பன் தைலத்தை எடுத்து வந்தார். அப்புறம், முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். இல்லை என்றேன்.

நவம்பர் 17, புதன்

காலையில் பழக்க தோஷத்தில் ஐந்து மணிக்கே டப்பா கட்டிவிட்டேன். அதை நாங்கள் இரண்டு பேரும் மத்தியானம் சாப்பிட்டோம்.

ஊரை எல்லாம் புயல் காப்பகத்துக்குப் போகச் சொல்லி மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். பாய், அரிசி, அவர் மருந்து, இந்த நோட்டு. காப்பகம் பள்ளிக்கூடத்தை ஒட்டிய இரண்டு மாடிக் கட்டடம். நிலையம் இங்கிருந்து இரண்டு மைல். மாடி ஜன்னலில் நின்றால் மாப்பிள்ளைகளின் நாலு புகைக்குழாயும் தெரியும்.

கஸ்தூரி போன் செய்தாள். மூன்று கதவுக்கும் ரப்பர் லாரியில் வந்துகொண்டிருக்கிறதாம், ஆனால் வழியில் பாலத்தின் மேல் தண்ணீர். வராவிட்டால் என்ன செய்வது என்று கதவுக்கு முன்னால் ஆள் உயரம் மணல் மூட்டை அடுக்குகிறார்கள். அவளும் காலையிலிருந்து மூட்டை சுமக்கிறாள். முதுகு போய்விட்டது, நீ நன்றாகக் கால் நீட்டிப் படுத்திரு என்றாள். கிண்டலா கோபமா தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை என்றால் அவளுக்கு நான் நல்லா கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

பழைய ரப்பர் இருந்த பள்ளத்தில் டீசல் ஈரம் இருக்கும், சோப்புத் தண்ணீரால் மூன்று தடவை கழுவிக் காயவைக்காமல் புதுசைப் போடக்கூடாது என்று அண்ணனிடம் சொல் என்றேன். அவருக்குத் தெரியாதா என்றாள். சொல் என்றேன்.

நவம்பர் 18, வியாழன்

காலை பத்து மணிக்குக் காற்று. பதினொன்றரைக்கு ஊரில் கரண்டு போயிற்று. பன்னிரண்டு மணிக்கு நிலையத்துப் பெரிய கரண்டு கோபுரம் ஒன்று சாய்ந்ததை ஜன்னலில் நின்றிருந்தவர்கள் பார்த்தார்கள். வெளிக் கரண்டு அவ்வளவுதான். இனி மாப்பிள்ளைகள் எழுந்தாக வேண்டும்.

நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. அதற்கப்புறம் மழை வெள்ளைத் துணி மாதிரி தொங்கிற்று, இரண்டு மைல் என்ன, பள்ளிக்கூட மணிக்கம்பமே தெரியவில்லை. கடல் மேலேறி வந்துவிட்டது என்றார்கள். காப்பகத்துக் கீழ்ப்படிகளில் ஆறு படி மறைந்துவிட்டது. எட்டியப்பன் படிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

எதிரே அஞ்சலாட்சி, அவள் மருமகள், மருமகளின் கைக்குழந்தை, எங்கள் தெருக்காரர்கள் எல்லாரும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கதை சொல்லேன் தேசம்மா, நேரம் போகும் என்றார்கள். எனக்கு ஒரு கதையும் வரவில்லை. ஊர்களே காலியாயின என்று மேடம் சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றார்களே, அந்த மௌனம்தான் வந்தது. குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு மழை கொஞ்சம் கிழிந்தது. புகைக்குழாய்கள் தெரிந்தன. ஒன்றில் புகை. இரண்டில் புகை. மற்ற இரண்டும் சும்மா நின்றன. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். எட்டியப்பனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். எண்ணுவதில் அவரை மிஞ்ச முடியாது.

“ரெண்டு” என்றார்.

மறுபடி மழை மூடிக்கொண்டது. போனில் டவர் இல்லை.

நவம்பர் 19, வெள்ளி

வீடு இருக்கிறது. கூரை இல்லை. சேறு அள்ளினோம். போன் இன்னும் இல்லை. சாலையில் மரம்.

ரெண்டு.

நவம்பர் 20, சனி

மத்தியானம் நான் சேற்றுப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு லூர்துசாமி அண்ணன் வந்தார். மூன்று நாள் தாடி. கண் உள்ளே போயிருந்தது. நிலையத்தை விட்டு இன்றைக்குத்தான் வெளியே வந்தாராம், இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. நான் அலமாரியில் விட்டுவந்த செருப்பையும் டம்ளரையும் ஒரு பையில் போட்டு எடுத்துவந்திருந்தார். உட்காரச் சொன்னேன். உட்கார இடம் எங்கே என்று பார்த்துவிட்டு, கவிழ்த்த அண்டாவில் உட்கார்ந்தார்.

நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்.

“ஒன்னு சொல்லட்டா தேசம்மா” என்றார். “நாந்தான் கெடுத்தேன்னு நானே நம்பிட்டேன். நாலு நாளு. என் பொண்டாட்டிகிட்டகூட சொல்லல. அப்படியே ரிட்டையராகிப் போயிருப்பேன்.”

“தெரியும்ணா” என்றேன். “பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கினுதான் இருந்தேன்.”

அவர் தலையை ஆட்டினார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை.

அப்புறம்தான் கேட்டேன். இரண்டு குழாயில்தான் புகை வந்ததே, மற்ற இரண்டு பேர் என்ன ஆனார்கள் என்று. கரண்டு போனதும் நாலு பேரும் ஒரே மூச்சில் எழுந்துவிட்டார்களாம். இரண்டு பேர் போதும் என்று தெரிந்த பிறகு இரண்டு பேரை நிறுத்தி, முறை வைத்து ஓடவிட்டார்களாம். “மாப்பிள்ளைங்க ஷிப்டு போட்டுத் தூங்குறாங்க” என்றார். நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாள் முழுக்க ஒரு மனுஷியை இப்படி வைத்திருக்கலாமா.

லாரி புதன்கிழமை சாயங்காலம்தான் வந்ததாம். பள்ளத்தைச் சோப்புத் தண்ணீரால் மூன்று தடவை கழுவிவிட்டுத்தான் போட்டேன், உன் ஆள் கஸ்தூரி பக்கத்திலேயே நின்று எண்ணினாள் என்றார். வியாழக்கிழமை தண்ணீர் மணல் மூட்டையைத் தாண்டி, கதவில் முழங்காலுக்கு மேல் ஒரு முழம் நின்றதாம், இரண்டு மணி நேரம்.

“உள்ள?” என்றேன்.

“உள்ள ஒன்னுமில்ல.”

“ஒன்னுமில்லன்னா?”

“ஒன்னுமில்லன்னா ஒன்னுமில்ல. கடக்குட்டி ரூம்ல கதவோரமா மண்டி போட்டுக் கையால தடவிப் பாத்தேன். தூசிதான் ஒட்டுச்சு. நீ இல்லாம ரெண்டு நாளா கூட்டாத தூசி. காஞ்ச தூசி.”

விசாரணை அடுத்த வாரமாம். பாஸ் வருமா வராதா அவருக்குத் தெரியாது. நஸீமா மேடம் என்னைப் பற்றி ஏதோ நீளமாக எழுதியிருக்கிறார்கள், நல்லதா கெட்டதா தெரியவில்லை, இங்கிலீஷில் இருக்கிறது என்றார். தகட்டுக்குக் கீழே ஒரு அட்டையில் தமிழிலும் எழுதி ஒட்டியிருக்கிறார்களாம். பழனிவேல் மேஸ்திரி கையெழுத்து, எழுத்துப் பிழையோடு.

போகும்போது சைக்கிளைத் திருப்பிக்கொண்டே, அடுத்த ஆயுத பூஜைக்கு நான் ரிட்டையர் ஆகியிருப்பேன், எனக்குப் பொரிகடலை யார் கொடுப்பார்கள் என்று கேட்டார். எனக்கே கொடுக்க ஆளில்லை, நீங்கள் வேறு என்றேன். அதுதான் இந்த வாரத்தில் நான் சொன்ன முதல் கிண்டல். அவ்வளவு நன்றாக இல்லை. ஆனாலும் இரண்டு பேரும் சிரித்தோம்.

அவர் போன பிறகு பாத்திரம் கழுவி முடித்தேன். தார்ப்பாய் கட்டினேன். எட்டியப்பனுக்குக் கஞ்சி கொடுத்தேன். இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். முதுகு, முட்டி, கை எல்லாம் ஒன்றாக வலிக்கிறது. பதினோரு வருஷமாக அந்தத் தரையில் ஒரு துளி தூசி இருக்கக்கூடாது என்று கூட்டியவள் நான். இன்றைக்கு அங்கே தூசி கிடக்கிறது என்று கேட்டபோது என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தூங்கப் போகிறேன்.